பூமியைத் தட்டிக் கேட்டவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

புவியியல், விஞ்ஞானப் பாடநூல்களை எழுதுவோருக்கும் வினாத்தாள்களை அமைப்போருக்கும் வணக்கம்.

நான் கொழும்பில் முப்பத்தொரு வருடம் தமிழில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டில் இருக்கிறேன். போன மாதம் கீழ்வீட்டுப் பிள்ளை, தரம் ஒன்பது, ரியூஷனில் கொடுத்த குறிப்புத் தாளோடு படியேறி வந்தாள். தாளில் பூமியைப் பிளந்து காட்டும் படம். மேலே மெல்லிய மண்ணிறக் கோடு. அதற்குக் கீழே கொதிக்கிற சிவப்பு. பக்கத்தில், "மூடி: மக்மாக் குழம்பு. தகடுகள் இதன் மேல் மிதக்கின்றன" என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஐந்து எண்கள். அவற்றைப் பாடமாக்க வேண்டுமாம். என் முன்னால் ஒப்புவித்தாள். ஓர் எண்கூடத் தவறவில்லை. பிறகு தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"ரீச்சர், உள்ளுக்குப் போய்ப் பார்க்கேலாதுதானே. அப்ப இதெல்லாம் என்னண்டு தெரியும்?"

தாளில் அதற்கு விடை இல்லை. பரணில் கட்டி வைத்திருக்கும் பழைய வினாத்தாள்களையும் அன்றிரவு இறக்கிப் புரட்டினேன். புவியோட்டின் தடிப்பு, மூடியின் ஆழம், அகணியின் வெப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். "எப்படித் தெரியும்?" என்று கேட்ட வினா ஒன்றாவது என் கண்ணில் படவில்லை. பாடத்திட்டம் மாறப் போகிறது என்று பேசப்படும் இந்த நேரத்தில் நான் உங்களுக்கு எழுதுவது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

முதலில் அந்தச் சிவப்புக் குழம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூடி, கவசம் என்றும் சிலர் சொல்வார்கள், அது குழம்பு அல்ல. பாறை. புவியோட்டுக்குக் கீழே தொடங்கி ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை இறுகிய பாறை. உருகிய பாறை ஆங்காங்கே, பூமியின் மேற்புறப் பாறை உடைந்து கிடக்கும் பெருந்துண்டுகளான தகடுகள் விலகும் இடத்திலும் அமிழும் இடத்திலும், சிறு பங்காகத்தான் உண்டாகிறது. பூமியின் நடுப்பகுதியைத்தான் அகணி என்கிறோம். உண்மையில் திரவமாக இருப்பது மூடிக்குக் கீழே உள்ள வெளி அகணி. அதுவும் உருகிய இரும்பும் நிக்கலும். அதன் நடுவில், 5,150 கிலோமீற்றருக்குக் கீழே, மறுபடியும் திண்மமான உள் அகணி.

இறுகிய பாறை எப்படி ஓடும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். நான் வகுப்பில் ஒரு மெழுகுதிரியை வெயில் படும் யன்னலில் சாய்த்து வைப்பேன். சட்டென்று முறித்தால் படாரென முறியும். அப்படியே விட்டால் ஒரு கிழமையில் வளைந்து குனிந்து நிற்கும். உருகவில்லை, ஆனால் ஓடியிருக்கிறது. மூடியின் பாறையும் அப்படித்தான். ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் என்ற வேகத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளாக. ஒரு மெழுகுதிரியால் விளங்கும் விடயத்துக்கு நாம் ஏன் பிள்ளைகளின் தலையில் ஒரு தீக்கடலை ஏற்றுகிறோம்? வளர்ந்த பிறகும், படித்தவர்கள்கூட, காலுக்குக் கீழே எரிமலை கொதிக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மூடி பாறை என்று எப்படித் தெரியும்? இங்கேதான் கதை தொடங்குகிறது. சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர் அதை வெட்டிப் பார்ப்பதில்லை. விரலால் தட்டுகிறார், காதைக் கொடுக்கிறார். ஓசை சொல்லிவிடுகிறது. பூமியையும் மனிதர் அப்படித்தான் அறிந்தார்கள். தோண்டிப் பார்க்க முயன்றவர்களும் உண்டு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஏறத்தாழ இருபது வருடம் துளைத்து 1989 இல் 12,262 மீற்றர் வரை போனார்கள். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். பலாப்பழத்தின் முள்ளைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் பூமி தன்னைத் தானே தட்டிக்கொள்கிறது. பெரிய பூமியதிர்ச்சி ஒவ்வொன்றும் ஒரு தட்டு. அந்த ஓசை பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வருகிறது.

1897 ஜூன் 12 ஆம் திகதி அசாமை ஒரு பெரும் பூமியதிர்ச்சி குலுக்கியது. இந்தியாவின் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஓல்டாம் அதை ஆராய்ந்தபோது, ஓர் அதிர்ச்சியிலிருந்து மூன்று வகை அலைகள் வருவதைப் பிரித்துக் கண்டார். முதலில் வருவது முதன்மை அலை, தள்ளித் தள்ளிப் போகும். பின்னால் வருவது துணை அலை, குறுக்காக ஆட்டிக்கொண்டு போகும். கடைசியில் வருபவை தரையோடு தரையாகப் போகும் மேற்பரப்பு அலைகள். முதன்மை அலை எதையும் ஊடுருவும். துணை அலை திரவத்துக்குள் நுழையாது. ஒரு வாளித் தண்ணீரைக் குறுக்காக முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏன் என்று பிள்ளைகளுக்கே விளங்கும். 1906 இல் அதே ஓல்டாம், பூமிக்கு நடுவில் அலைகளைத் தாமதப்படுத்தும் ஓர் அகணி இருக்கிறது என்று காட்டினார்.

1909 இல் குரோவேசியாவில் அந்திரியா மொகொரோவிசிச், தன் ஊருக்கு அருகே நடந்த அதிர்ச்சியின் அலைகள் இரண்டு தடவை வந்து சேர்வதைக் கவனித்தார். ஒரு கூட்டம் மேலேயே வந்தது. இன்னொன்று கீழே போய், அடர்ந்த பாறையில் வேகமெடுத்து முந்திக்கொண்டது. புவியோடு முடிந்து மூடி தொடங்கும் எல்லை அப்படித்தான் அகப்பட்டது. சில வருடங்களில் பெனோ குட்டன்பெர்க் அகணியின் ஆழத்தை 2,900 கிலோமீற்றர் என்று கணித்தார். துணை அலைகள் மூடி முழுவதையும் கடந்து வருகின்றன, அகணியில் நின்றுவிடுகின்றன. மூடி திண்மம், வெளி அகணி திரவம். இந்த இரண்டு வசனத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் எத்தனை வருட விழிப்பு!

நான் மிகவும் விரும்பிச் சொல்லும் பெயர் இன்னும் வரவில்லை. இங்கே லேமான். டென்மார்க்கைச் சேர்ந்த பெண், 1888 இல் பிறந்தவர். 1929 இல் நியூசிலாந்தில் நடந்த ஓர் அதிர்ச்சியின் பதிவுகளை ஐரோப்பாவில் இருந்துகொண்டு பார்த்தார். அலை எட்டக்கூடாது என்று நினைத்திருந்த நிழற் பகுதியில் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் அவற்றுக்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லேமான் விடவில்லை. கணினி கிடையாது, காகித அட்டைகளில் குறித்து வகைப்படுத்தி, கையால் கணக்குப் போட்டார். திரவ அகணிக்குள்ளே இன்னோர் அகணி இருந்தால்தான் அலை அங்கே திரும்பும் என்று 1936 இல் எழுதினார். 104 வயது வரை வாழ்ந்தார். என் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன நாட்களில் பின்வாங்கிலில் இருந்த பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதும் நூலில் "உள் அகணி: ஆரை சுமார் 1,220 கிலோமீற்றர்" என்ற வரிக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரையும் போடுங்கள். ஒரு வரி போதும்.

இப்போது நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

2004 இல் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கெட்டிக்காரி. மூன்றாம் தவணையில் பூமியின் அகப்பகுதிப் படத்தை வர்ணப் பென்சிலால் அவ்வளவு அழகாகக் கீறியிருந்தாள். இருபதுக்கு இருபது போட்டேன். தகடுகளின் பெயர்கள், எல்லைகளின் வகைகள், எல்லாம் சரி. "இலங்கை இந்தியத் தகட்டின் உட்பகுதியில் உள்ளது. ஆகவே எமக்குப் பாதிப்பு இல்லை" என்றும் எழுதியிருந்தாள். அது நான் எழுதிக்கொடுத்த குறிப்பு. அதற்கும் சரி போட்டேன். விடுமுறைக்குத் திருத்தவென்று கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவள் கிழக்கே, கடலோரத்தில் இருந்த அம்மம்மா வீட்டுக்குப் போனாள்.

டிசெம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. அந்நாளைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு, சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், 9.1 அளவான பூமியதிர்ச்சி. அங்கே அமிழ்ந்துகொண்டிருப்பது வேறு யாரோவின் தகடு அல்ல. நாம் நிற்கும் அதே தகட்டின் கிழக்கு விளிம்பு. அது இறங்கும்போது மேலே உள்ள தகட்டின் ஓரத்தையும் பற்றி இழுத்துக்கொண்டு போகிறது. நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்த இறுக்கம் அன்று விடுபட்டது. பிளவு வடக்கே அந்தமான் வரை, ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் ஓடியது. கொழும்புக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தின் இரு மடங்கு. கடற்படுகை எழும்ப, மேலே நின்ற கடல் முழுவதும் எழும்பியது.

பாறைக்குள்ளால் வந்த முதன்மை அலை நான்கு நிமிடத்துக்குள் இலங்கையை எட்டிவிட்டது. கண்டிக்கு அருகே பல்லேகலையில், உலக வலையமைப்பைச் சேர்ந்த நில அதிர்வுப் பதிவுக் கருவி இருக்கிறது. கடலில் வந்த அலை, ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றர் வேகம் எடுத்தும், கிழக்குக் கரையை அடைய இரண்டு மணித்தியாலமளவில் ஆயிற்று. தெற்கைச் சுற்றி மேற்குக்கு வர இன்னும் நேரம். கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போகும் ரயில் அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு புறப்பட்டது. சுமாத்திராவில் பாறை பிளந்த அதே வேளை. இரண்டரை மணித்தியாலம் கழித்துப் பெரலியவில் அந்த ரயிலை அலை அடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஓரிடத்தில் இறந்தார்கள். நாடு முழுவதும் 35,000க்கு மேல். இரண்டரை மணித்தியாலம் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ நான்கு பாடவேளை.

என் மாணவியின் ஊரில் முதலில் வந்த அலை முழங்காலளவுதானாம். எல்லோரும் ஓடினார்கள். தண்ணீர் வற்றியதும் அவள் எதையோ எடுக்கவென்று வீட்டுக்குத் திரும்பினாள். அவளுடைய மாமா பின்னர் வந்து சொன்னார். சுனாமி என்பது ஓர் அலை அல்ல, பல அலைகளின் வரிசை என்றும், முதலாவது பெரும்பாலும் பெரியதல்ல என்றும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பாடத்தில் அது இல்லை. நானும் பாடத்துக்கு வெளியே போகவில்லை. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் போட்ட அந்தச் சரிக்குறி சிவப்பு மையில், மங்காமல் இருக்கிறது.

அதே நாள், அதிர்ச்சி மையத்துக்கு மிக அருகே, சிமெலுவே என்றொரு தீவு. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. 1907 இல் அவர்களின் பாட்டன்மார் ஒரு சுனாமியில் பெருந்தொகையாக மடிந்திருந்தார்கள். தப்பியவர்கள் "சிமோங்" என்ற ஒரு சொல்லைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு. அங்கே அந்த அறிவைக் காத்தது வீட்டுத் திண்ணை. நம்முடைய கரையில் பலர் அன்று அதிர்வையே உணரவில்லை, தூரம் அப்படி. ஆகவே நமக்குத் தாலாட்டு மட்டும் போதாது. தூரத்தில் பாறை உடைந்தால் இங்கே ஏன் கடல் எழும் என்ற விளக்கமும் வேண்டும். அது உங்கள் கையில் இருக்கும் இரண்டு பக்கங்களில் வரக்கூடியது.

அந்த அறிவு அச்சத்தைக் கூட்டாது, குறைக்கும். 2012 ஏப்ரல் 11, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி, பிற்பகல் இரண்டு மணி தாண்டியதும் எங்கள் மாடி ஆடியது. பூசையறை விளக்கு தானாக அசைந்தது. காலி வீதி முழுக்கச் சனம். அலுவலகங்களிலிருந்து இறங்கி நின்றார்கள், கடற்கரைப் பக்கம் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேல்நோக்கி நடந்தார்கள். 8.6 அளவான அதிர்ச்சி என்று செய்தி வந்தது, எச்சரிக்கையும் வந்தது. விலகி நின்றது சரிதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பெரிய அலை வரவில்லை. ஏன்? அன்று கடற்படுகை மேலே எழும்பவில்லை. பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. தகட்டு எல்லைகள் மூன்று வகை என்று நாம் பாடமாக்க வைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஒருங்கும் எல்லை, விலகும் எல்லை, உரசும் எல்லை என்று ஒப்புவிக்கிற பிள்ளை, "இன்றைக்கு நடந்தது எந்த வகை?" என்று கேட்கப் பழகியிருந்தால் அந்தப் பாடம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் ஒன்று. அன்று உடைந்தது பாடப் படத்தில் கோடு கீறப்பட்ட எல்லை அல்ல. தகட்டின் உட்பகுதி. நம் தெற்கே உள்ள கடலடியில் இந்தியப் பகுதியும் அவுஸ்திரேலியப் பகுதியும் மெல்ல மெல்லப் பிரிந்துகொண்டிருக்கின்றன. கூர்மையான கோடில்லாமல், அகன்ற ஒரு வலயமாக. "நடுவில் இருக்கிறோம், பயமில்லை" என்ற என் பழைய குறிப்பு அதனாலும் பிழை. 1615 ஏப்ரலில் கொழும்பையே ஓர் அதிர்ச்சி குலைத்ததாகப் போர்த்துக்கேயர் காலப் பிரசுரம் ஒன்று சொல்கிறது. 2020 இல் கண்டி, திகனைப் பக்கமும், 2023 பெப்ரவரியில் மொனராகலை மாவட்டத்திலும் சிறு அதிர்வுகள் வந்தன. அவை சிறியவை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தகடுகளை எது நகர்த்துகிறது என்ற வினாவுக்கு நாங்கள் எல்லோரும் "மேற்காவுகை ஓட்டம்", அதாவது சூடானது மேலெழ, குளிர்ந்தது கீழிறங்கும் சுற்று, என்று ஒரே சொல்லில் எழுதிப் புள்ளி வாங்கினோம். அது தவறில்லை, ஆனால் அரைவாசி. கொடியில் ஈரச் சேலையைப் போட்டவர்களுக்கு மீதி தெரியும். ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாகத் தொங்கினால் அந்தப் பாரமே மற்றப் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு வழுகிவிடும். குளிர்ந்து அடர்ந்த கடற்தகடு மூடிக்குள் அமிழும்போது, பின்னால் உள்ள தகடு முழுவதையும் அப்படித்தான் இழுக்கிறது. நகர்வுக்குப் பெரும் பங்கு இந்த இழுவை. கொழும்பு ஆண்டுக்குச் சுமார் 5 சென்ரிமீற்றர் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் இந்த வீட்டுக்குக் குடிவந்து நாற்பது வருடம். என் கட்டிலின் நீளத்துக்கு நகர்ந்துவிட்டேன்.

இந்த இயக்கத்துக்கெல்லாம் வெப்பம் எங்கிருந்து? பூமி உருவான காலத்து மிச்ச வெப்பம் ஒரு பங்கு. ஏறத்தாழப் பாதி, பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிரியக்கத்தால். தோரியம் என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராகத்தான் அவரை நம் பிள்ளைகள் அறிவார்கள், அதுவும் அறிந்தால். 1877 இல் இதே கொழும்பில், தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர். லண்டனில் புவிச்சரிதவியல் படித்து, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர். 1904 இல் அவர் எடுத்தனுப்பிய கறுப்புக் கனியம் ஒன்று உலகுக்குப் புதிதென்று தெரியவந்தது. தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள். தோரியம் நிறைந்த கல். பாறையின் வயதைக் கதிரியக்கத்தால் அளக்க மனிதர் முதன்முதலில் முயன்ற நாட்களில் ஆய்வுகூட மேசைக்குப் போன கற்களில் இலங்கைத் தோரியனைற்றும் ஒன்று. பூமியைச் சூடாக வைத்திருக்கும் ஒரு மூலகம் நிறைந்த கனியத்தை நம் மண்ணில் கண்டெடுத்தவர் நம்மவர். எங்கள் பாடநூல்களில் வெளிநாட்டு எரிமலைப் படங்களுக்கு இடம் இருக்கிறது. இவருக்கு ஒரு பெட்டிச் செய்தி தாருங்கள்.

நம்முடைய கற்களே ஒரு பாடநூல். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குருப் பாறை. மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒன்றுசேர்ந்த காலத்தில், 25 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வெந்து உருமாறியவை. அன்று நமக்கு அயலவர் தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா. கோலாவில் துளைத்தவர்கள் எட்டிய ஆழத்தின் இரண்டு மடங்குக்கும் கீழே இருந்த பாறை இங்கே தேய்ந்து தேய்ந்து மேலே வந்து நிற்கிறது. வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் இரண்டாவது தரிப்பு கல்கிசை. அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையும் அந்தப் பழைய உருமாறிய பாறைக் குடும்பம்தான். பிள்ளையின் கையில் இருக்கும் பென்சிலுக்கு வேண்டிய காரீயம், அதாவது கிராபைற், போகலைச் சுரங்கத்தில் ஆழ வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்திருக்கிறது. இரத்தினபுரி நீலக்கல்லும் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் விளைந்தது. ஒரு மூக்குத்திக் கல்லை வைத்து முழுப் பாடத்தையும் நடத்தலாம், நடத்தியிருக்கிறேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் விடாதீர்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்தினான் என்ற கதையோடு நாங்கள் எல்லோரும் அங்கே குளித்திருக்கிறோம். அந்தக் கதையை யாரும் பறிக்கவேண்டாம். ஆனால் "கீழே எரிமலை இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கு விடை இருக்கிறது. இலங்கையில் உயிருள்ள எரிமலை இல்லை. கீழே போகப் போக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 பாகை வெப்பம் ஏறும். மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, மேலே வருகிறது. பூமியின் உள்வெப்பத்தைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுதும்போது இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் பேசவேண்டும். குமரிக்கண்டம். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். மடகஸ்காரிலும் இந்தியாவிலும் கிடைத்த ஒரேமாதிரியான உயிரினச் சான்றுகளை விளக்க, 1864 இல் பிலிப் சிலேட்டர் என்ற விலங்கியலாளர் மூழ்கிய நிலம் ஒன்றைக் கற்பித்து, லெமூர் விலங்கின் பெயரால் லெமூரியா என்றார். நிலங்கள் சேர்ந்திருந்து பிரிந்தன என்று தெரிந்தபின் அந்த மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலடியில் இருப்பது கடலோட்டுப் பாறை. ஆனால் கடல்கோள் பற்றிய பழைய நினைவைப் பிள்ளைகள் முன் கேலி செய்யாதீர்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றைக்கு 120 மீற்றரளவு கீழே இருந்தது. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே நடந்தே போயிருக்கலாம். பிறகு கடல் ஏறியது. கரையோர நிலம் போனது உண்மை. கண்டம் போனதுதான் உண்மையல்ல. இந்த வேறுபாட்டை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையால் நன்றாகவே தாங்கிக்கொள்ள முடியும்.

இதையெல்லாம் சேர்த்தால் நூல் பருத்துவிடும் என்பீர்கள். அப்படியானால் எண்களைக் குறையுங்கள். ஒவ்வொரு தரத்திலும் அதே படலங்களை, அதே படத்தோடு, வேறு வேறு கலைச்சொல்லில் திருப்பிச் சொல்வதை நிறுத்துங்கள். ஒரு வகுப்பில் மூடி, அடுத்ததில் கவசம், மேல்வகுப்பில் இன்னொன்று என்றால் பிள்ளை மூன்று வேறு பொருள் என்று நினைக்கிறது. ஒரு சொல்லைத் தெரிந்து அதிலேயே நில்லுங்கள். வரைபடத்தில் அத்திலாந்திக்கை நடுவில் வைக்காமல் இந்து சமுத்திரத்தை நடுவில் வையுங்கள். கிழக்கே சுமாத்திராவை ஒட்டிய சுண்டா அகழியும் வடமேற்கே பாகிஸ்தான், ஈரான் கரையோரமான மக்ரானும் ஒரே பார்வையில் தெரியட்டும். 1945 இல் மக்ரான் கரையிலும் சுனாமி எழுந்தது. கொழும்பு மேற்குக் கரையில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். பல்லேகலைக் கருவியின் ஒரு பதிவை அப்படியே அச்சிட்டு, முதன்மை அலை எங்கே, துணை அலை எங்கே என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்து அதிர்ச்சி எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று கணிக்க விடுங்கள். தரம் ஒன்பதுக் கணக்குதான் அது.

வினாத்தாளை அமைப்பவர்களிடம் தனியாக ஒன்று. நீங்கள் கேட்காத எதையும் எந்த ரியூஷனும் சொல்லிக்கொடுக்காது, எந்தத் தாயும் படிக்கச் சொல்லமாட்டாள். ஆகவே கேளுங்கள். "வெளி அகணி திரவம் என்பதற்குச் சான்று ஒன்று தருக." "2012 ஏப்ரல் 11 அதிர்ச்சி பெரிய சுனாமியை ஏன் உண்டாக்கவில்லை?" "முதல் அலை வற்றியபின் கரைக்குத் திரும்பலாமா? காரணம் கூறுக." கடைசி வினாவுக்கு ஐந்து புள்ளி போடுங்கள்.

கீழ்வீட்டுப் பிள்ளை வரும் டிசெம்பர் விடுமுறைக்குத் திருகோணமலையில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். அவளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்: நிலம் ஆடினாலோ, கடல் வழமைக்கு மாறாக வற்றினாலோ பெருகினாலோ, எச்சரிக்கை வந்தாலோ, மேட்டுக்குப் போ. முதல் அலை போனபின் எதற்காகவும் திரும்பாதே. போகலாம் என்று பொறுப்பானவர்கள் சொல்லும்வரை அங்கேயே நில். கன்னியாவுக்குப் போனால் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்து, எது கூடச் சூடு, ஏன் என்று எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றும் வீட்டுவேலை கொடுத்திருக்கிறேன்.

என் மாணவியின் கொப்பியையும் நான் சேர்த்து வைத்திருக்கும் பாடக் குறிப்புகளையும் நீங்கள் சொல்லும் இடத்துக்கு, சொல்லும் நாளில் கொண்டுவருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06